சாருமதி ரயிலேறிய வாரம்

சத்தம் ஜாஸ்தியா இருக்காம்மா? குறைச்சுக்கறேன். காதுல மாட்டிக்கிற ஒயரு ஒண்ணு என் பொண்ணு வாங்கிக் குடுத்திருக்கா, பஸ்ல மாட்டினா தலை சுத்துது. அதான் போனை இப்படியே வெச்சுப் பாத்துட்டு வரேன். வேலூர்ல ஏறினதுல இருந்து நீயும் எட்டி எட்டிப் பாக்கற. தெரியுதா இது என்னன்னு?

தெரியுமா? உன் வயசுக்கு எப்படித் தெரியும்? நீ பொறக்கறதுக்குப் பத்து வருஷம் முன்னாடி வந்ததும்மா இது. ‘நீலகண்டன் குடும்பம்’னு ஒரு டிவி சீரியல். செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்குப் போடுவான். ஒரு வருஷம் ஓடுச்சு.

என்ன சொன்ன? சாருமதியைப் பிடிக்குமா? ஹாஸ்டல்ல எல்லாருக்குமே பிடிக்குமா? அவ பேசினதை வெட்டி வெட்டி ஸ்டேட்டஸ்ல போட்டுக்கறீங்களா? போடுங்க, போடுங்க. இங்க கமெண்டுலயும் உன் வயசுப் புள்ளைங்கதான் நெருப்பு படமும் இதயப் படமுமா போட்டு வெச்சிருக்கு. ஒருத்தரையும் நான் சும்மா விடறதில்ல. ஒவ்வொண்ணுக்கும் பதில் போட்டிருக்கேன். தணிகாசலம், அரக்கோணம்னு போட்டிருக்கும் பாரு, அது நான்தான். திட்டறாங்க. திட்டட்டும். அன்னைக்குச் சொன்னதைத்தான் இன்னைக்கும் சொல்றேன், சாருமதி திமிர் பிடிச்சவ. யார் வந்து கேட்டாலும் இதான் என் பதில்.

ஊத்தங்கரைதானே நீயும்? அப்ப நேரம் இருக்கு. ரயில்காரன் பஸ்ல போறானேன்னு பாக்காத, அந்த ஊருக்கு நேரா ரயில் கிடையாது. முப்பத்தி நாலு வருஷம் ரயில்வேல இருந்தேன், அதுல இருபது வருஷம் அரக்கோணம் புக்கிங் ஆபீஸ். டிக்கெட் குடுக்கற கவுண்டர்.

அந்தக் காலத்துல எங்க ரயில்வே காலனியில கலர் டிவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு எங்க வீட்டுல. செவ்வாய்க்கிழமை ஆனா பதினஞ்சு பேராவது வந்துடுவாங்க. பார்சல் ஆபீஸ் மாசிலாமணி குடும்பத்தோட வருவான். ரயில்வே ஆஸ்பத்திரியில நர்சா இருந்த டெய்சி அக்கா ஸ்டூல் எடுத்துட்டு வந்து போட்டு உக்காருவாங்க. எல்லாரும் சாருமதியைத் திட்டறதுக்குன்னே வருவாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. திட்டுவாங்க, அவ வராத வாரம் முகம் தொங்கிப் போயிடும். டெய்சி அக்கா ‘இவளுக்கு வாயி பாரு’ன்னு சொல்லிக்கிட்டே டெய்லர்கிட்ட முழங்கை வரைக்கும் கை வெச்ச ஜாக்கெட் தைக்கக் குடுத்தாங்க. சாருமதி கைன்னே அதுக்குப் பேரு. காலனியில பாதிப் பொம்பளைங்க அதான் போட்டிருந்தாங்க. மாசிலாமணி ஒரு நாள் டீ குடிக்கறப்ப என்கிட்ட ரகசியமா சொன்னான், அவ பண்றதெல்லாம் தப்புதான் சார், ஆனா அவ நடந்து வந்தா கண்ணை எடுக்க முடியலைன்னு. நான் அவனைத் திட்டினேன். எனக்கும் அவ நின்னுக்கிட்டே காபி குடிக்கறது ஞாபகம் இருக்கு. அந்த வீட்டுல அவ மட்டும்தான் காபியைச் சூடா குடிப்பா. இதையெல்லாம் நான் கவனிச்சேன்னா, குத்தம் கண்டுபிடிக்கத்தான் கவனிச்சேன்.

நீ முழுசாப் பாத்திருக்கியா, இல்ல வெட்டிப் போட்டதை மட்டுமா? அதானே பாத்தேன். கதையைச் சொல்றேன். நீலகண்டன் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், தங்கமான மனுஷன். அவருக்கு மூத்த மருமக இந்தச் சாருமதி. கல்யாணமாகி ஏழு வருஷம் அடுப்படியில இருந்தவளுக்குக் கோயமுத்தூர்ல வேலை கிடைக்குது. அந்த நேரம் பாத்து மாமியார் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிஞ்சு படுத்திருக்காங்க. மனசாட்சி இருக்கறவ என்ன செய்யணும்? இவ பெட்டியை எடுத்துட்டு வாசல்ல வந்து நிக்கறா. நீலகண்டன் கேக்கறாரு, நீ போயிட்டா இந்த வீட்டை யாரும்மா பாத்துப்பான்னு. எவ்வளவு பாவமா கேக்கறாரு. அதுக்கு இவ, “வீட்டுல ஆறு பேர் இருக்கீங்க மாமா” அப்படின்னுட்டு ரயிலேறிப் போயிட்டா.

அந்த வாரம் ஊரே கொதிச்சுப் போச்சும்மா. எங்க வீட்டுல எல்லாரும் ஒரே சமயத்துல பேசறாங்க. நான் திரும்பி என் வீட்டுக்காரியைப் பாத்தேன். திலகவதி. அவ எப்பவும் எங்களோட உக்கார மாட்டா. பதினஞ்சு பேருக்குக் காபி போடணும், டம்ளர் கழுவணும், எங்க உக்கார்றது? சமையல்கட்டு நிலையில சாஞ்சுக்கிட்டு நின்னுதான் பாப்பா. அன்னைக்குக் கையில கரண்டியோட நின்னுட்டிருந்தா. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. எதுக்குச் சிரிக்கறேன்னு கேட்டேன். சிரிக்கலையேன்னா.

திலகவதியைப் பத்திச் சொல்லணும்னா, டீச்சர் டிரெயினிங் முடிச்சவ. அவளுக்குச் சொந்த ஊர் ஊத்தங்கரை. கல்யாணத்துக்கு முன்னாடியே தர்மபுரி எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சு வெச்சிருந்தா. எங்க பொண்ணு சுகந்திக்கு ரெண்டு வயசு இருக்கறப்ப ஒரு தடவை இன்டர்வியூ கார்டு வந்துச்சு. எங்கம்மா அப்ப உயிரோட இருந்தாங்க, சுகர், ரெண்டு வேளையும் ஊசி. அடுத்த தடவை பாத்துக்கலாம்னு சொன்னேன். அவளும் சரின்னு கார்டை மடிச்சுப் பெட்டியில வெச்சுட்டா. ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. இதுக்கும் சீரியலுக்கும் சம்பந்தமில்ல, பேச்சு வந்ததால சொன்னேன்.

நான் என்ன செஞ்சேன்னா, டிவிக்காரனுக்கு ஒரு லெட்டர் போட்டேன். சும்மா ஒரு கார்டு இல்ல. முழுத்தாள்ல நாலு பக்கம். சாருமதி மாதிரி பொண்ணுங்களைக் காட்டினா நாட்டுல குடும்பம்னு ஒண்ணு இருக்காது, அவளுக்குப் புத்தி வர்ற மாதிரி கதையைக் கொண்டு போகணும்னு கேட்டு, கவுண்டருக்கு வந்தவங்க, காலனிக்காரங்கன்னு நாப்பது பேர்கிட்டக் கையெழுத்து வாங்கினேன். டெய்சி அக்காகூடப் போட்டாங்க, அந்தச் சாருமதி கை ஜாக்கெட்டோட வந்து. எல்லாத்துக்கும் மேல, லெட்டர் எழுதினவங்கன்னு ஒரு பேர் வேணுமில்ல? அதுக்குத் திலகவதி பேரைப் போட்டேன். ஒரு ஆம்பளை எழுதினா யாரு மதிக்கப் போறா, ஒரு குடும்பப் பொண்ணே எழுதியிருக்கான்னாதானே எடுபடும். கையெழுத்தையும் நானே போட்டுட்டேன். அவளுக்கு அன்னைக்கு மாவு ஆட்டற வேலை இருந்துச்சு. அதுக்கு எதுக்குக் கூப்பிட்டுக்கிட்டு?

நேயர் கடிதம்னு ஒரு நிகழ்ச்சி வரும், ஞாயித்துக்கிழமை. அதுல வாசிச்சுட்டாங்கம்மா. பாதி லெட்டரை வாசிச்சாங்க. ‘என் போன்ற குடும்பப் பெண்கள் சாருமதியை ஒருநாளும் மன்னிக்க மாட்டோம். திருமதி திலகவதி, அரக்கோணம்.’ என் வாசகம், அப்படியே வருது டிவியில. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. மறுநாள் ரேஷன் கடையில பொம்பளைங்க எல்லாம் இவ கையைப் பிடிச்சுக்கிட்டாங்களாம், நல்லா எழுதின தாயின்னு. வீட்டுக்கு வந்து அரிசிப் பையை வெச்சா. பேசல. நாலு நாள் பேசல. சாப்பாடு போடுவா, துணி துவைச்சு மடிச்சு வெப்பா, எல்லாம் நடக்கும். அஞ்சாம் நாள்தான் கேட்டா.

“என் பேரை எதுக்குப் போட்டீங்க?”

“உன் பேர்ல போனாத்தான் மதிப்பாங்க.”

“அப்ப என் பேருக்கு மதிப்பு இருக்கு” அப்படின்னா. அவ்வளவுதான். எழுந்து போயிட்டா. கோவம் தணிஞ்சிடுச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டேன். ஒரு மனுஷன் வேற எப்படி நினைப்பான், நீயே சொல்லு.

ஒரு மாசம் போச்சு. அன்னைக்கும் ஞாயித்துக்கிழமை. என் லெட்டரை வாசிச்சதுல இருந்து எங்க வீட்டுல நேயர் கடிதத்துக்கும் கூட்டம் வர ஆரம்பிச்சிருந்துச்சு. வாசிக்கற அம்மா ஒரு இன்லாண்டு கவரைக் கையில எடுத்துட்டு லேசா சிரிச்சாங்க. அரக்கோணத்திலிருந்து திருமதி திலகவதி மறுபடியும் எழுதியிருக்கிறார்னு சொன்னாங்க. எல்லாரும் என்னைப் பாத்து, பலே சார், இன்னொண்ணு போட்டீங்களான்னாங்க. நான் போடலையே.

அந்த லெட்டர் எனக்கு மனப்பாடம். சொல்றேன். ‘போன மாதம் என் பெயரில் வாசித்த கடிதத்தை நான் எழுதவில்லை. என் கணவர் எழுதினார். அவருக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். எனக்குச் சாருமதியைப் பிடிக்கும். அவள் ரயிலேறிய வாரம் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன்.’ இவ்வளவுதான். நாலு பக்கம்லாம் இல்ல.

டெய்சி அக்காதான் முதல்ல சிரிச்சாங்க. அடக்கப் பாத்தாங்க, முடியல, ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டாங்க. மாசிலாமணி தரையைப் பாத்துட்டு உக்காந்திருந்தான். திலகவதி நிலையிலதான் நின்னா. என்னைப் பாக்கல, டிவியைப் பாத்துட்டிருந்தா. எல்லாருக்கும் காபி குடுத்துத்தான் அனுப்பினா.

என் நிலைமையை யோசிச்சுப் பாரும்மா. மறுநாள் கவுண்டர்ல வரிசையில நின்ன ஒருத்தன் குனிஞ்சு, சார் டிக்கெட்டு உங்க பேர்ல குடுப்பீங்களா, வீட்டுக்காரம்மா பேர்லயான்னு கேக்கறான். அவன் முகத்தை இன்னும் நான் மறக்கல. தக்கோலத்துக்காரன். மாசக்கணக்கா இப்படித்தான் கிண்டல். நான் அவளை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருக்கலாம். எனக்கு உரிமை இருந்துச்சு. கேக்கல.

அந்த மே மாசம் ரெண்டாவது கார்டு வந்துச்சு. இன்டர்வியூ போயிட்டு வந்தா, ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல போஸ்டிங் ஆர்டரும் வந்துடுச்சு. நல்லாக் கேட்டுக்கோம்மா, நான் தடுக்கல. எங்க வேணும்னாலும் சத்தியம் பண்றேன். போகாதேன்னு ஒரு வார்த்தை என் வாயில இருந்து வரல. எங்கம்மாவும் போய்ச் சேர்ந்துட்டாங்க. வீட்டுல நான் ஒருத்தன்தான். நீ போனா சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு மட்டும் கேட்டேன். அது ஒரு சந்தேகம், அவ்வளவுதான், தடுத்ததா ஆகாது. குக்கர் எப்படி வெக்கறதுன்னு ஒரு தாள்ல எழுதி அலமாரிக் கதவுல ஒட்டினா.

ஜூன் ஒண்ணாந்தேதி காலையில எனக்கு டூட்டி. முந்தின நாளே நான் பாஸ் எழுதி வாங்கித் தரேன்னு சொன்னேன். ரயில்வேக்காரன் குடும்பத்துக்கு இலவசம்தானே. வேணாம்னுட்டா. கவுண்டர்ல வரிசை போயிட்டிருக்கு. நான் தலையைக் குனிஞ்சு டிக்கெட் எடுத்துட்டிருக்கேன். “சாமல்பட்டி, ஒண்ணு முழுசு, ஒண்ணு அரை”ன்னு குரல் கேக்குது. ஊத்தங்கரைக்குக் கிட்ட இருக்கற ஸ்டேஷன் அது. கம்பிக்கு அந்தப் பக்கம் அவ நிக்கறா. பக்கத்துல சுகந்தி, ஏழு வயசு, தலை மட்டும் தெரியுது. வரிசையில நின்னுதான் வந்திருக்கா. முன்னாடி பதினஞ்சு பேராவது இருந்திருப்பாங்க.

அப்பல்லாம் அட்டை டிக்கெட். எடுத்து மிஷின்ல விட்டா டக்குனு தேதி குத்தும். பழக்கத்துல வாய் தானா கேட்டுடுச்சு, ரிட்டர்ன் வேணுமான்னு.

“இப்போதைக்குப் போறதுக்கு மட்டும் குடுங்க.”

குடுத்தேன். ரெண்டு தடவை டக்கு டக்குனு குத்தினேன். அடுத்த ஆள் திருவாலங்காடு கேட்டான், குடுத்தேன். அன்னைக்கு எத்தனை டிக்கெட் குடுத்தேனோ, ஒண்ணுகூடத் தப்பாக் குடுக்கல. ரெக்கார்டு இருக்கும் போய்ப் பாரு.

அப்புறம் என்ன, பிரிஞ்சுட்டோம்னு நினைச்சுக்காத. அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. லீவு விட்டா அவளும் பொண்ணும் வருவாங்க. எனக்கு ரெஸ்ட் கிடைச்சா நான் போவேன். ரெண்டு இடத்துல அடுப்பு, அவ்வளவுதான். அவ ஹெட்மாஸ்டரா ரிட்டயர் ஆனா. அங்கயே ரெண்டு ரூம் வெச்சு வீடு கட்டிக்கிட்டா. ரிட்டயர் ஆனதும் அரக்கோணத்துக்கு வந்துடுவான்னு நான் ஒரு ரூமுக்கு வெள்ளையடிச்சு வெச்சேன். அவ வரல, அங்க அவளுக்குக் கீரைப்பாத்தி, ட்யூஷன் புள்ளைங்கன்னு ஆயிரம் வேலை. நான்தான் வாரா வாரம் போறேன். சனிக்கிழமை போய்ட்டு திங்கக்கிழமை திரும்புவேன். இப்பவும் அங்கதான் போயிட்டிருக்கேன்.

சீரியல் என்ன ஆச்சுன்னு கேக்கறியா? அங்கதான் வரேன். அவ ஊத்தங்கரை போயி ஒரு நாலு மாசம் இருக்கும், கடைசி வாரம் வந்துச்சு. எனக்குச் சாயங்காலம் டூட்டி, பாக்க முடியல. எட்டு மணிக்கு மாசிலாமணி தண்டவாளத்தைத் தாண்டி ஓடி வந்தான், சார் உங்க லெட்டர் ஜெயிச்சிடுச்சு, சாருமதி திரும்பி வந்து மாமனார் கால்ல விழுந்துட்டான்னு. பாத்தியா, எழுதினதுக்குப் பலன் இருந்துச்சு. ஆபீஸ் முழுக்க மிக்சர் வாங்கிக் குடுத்தேன். கிண்டல் பண்ணவன்லாம் வாய மூடிக்கிட்டான். திலகவதிக்கு ஒரு லெட்டர் போட்டேன், சாருமதி திரும்பி வந்துவிட்டாள்னு ஒரே ஒரு வரி. அவ பதில் போட்டா. சுகந்தியோட காலாண்டு மார்க்கை வரிசையா எழுதி, கீழ கையெழுத்து. வேற ஒண்ணும் இல்ல.

முப்பது வருஷமா நானும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரேன், ஒரு சீரியலோட முடிவையே மாத்தினவன் நான்னு. ஆனா அந்த முடிவை நான் பாத்ததில்ல. போன வாரம்தாம்மா பாத்தேன்.

சுகந்தி இப்ப பெங்களூர்ல இருக்கா. எவனோ பழைய சீரியலை எல்லாம் ஏத்தியிருக்கான்னு எங்க ரெண்டு பேருக்கும் அனுப்பி வெச்சா. நான் தினம் ஒண்ணு பாத்து, கமெண்டுல சண்டை போட்டு, போன ஞாயித்துக்கிழமை கடைசி எபிசோடுக்கு வந்து சேர்ந்தேன். அவ வீட்டுலதான் இருந்தேன். காலையில பத்து மணி. போனைச் சொம்புல சாய்ச்சு வெச்சேன். அவளையும் கூப்பிட்டேன். வந்து பக்கத்து நாற்காலியில உக்காந்தா. உக்காந்து அவ அந்த சீரியலைப் பாத்து நான் அன்னைக்குத்தான் பாக்கறேன்.

அந்த சீன் வருது. சாருமதி வாசல்ல வந்து நிக்கறா. எவனோ மேக்கப்காரன் காது ஓரம் வெள்ளை அடிச்சு விட்டிருக்கான். நைஞ்சு போன புடவை. அந்த முழங்கை ஜாக்கெட் இல்ல. வீட்டுல ஆறு பேரும் வரிசையா நிக்கறாங்க. உள்ள வந்து படார்னு நீலகண்டன் கால்ல விழறா. விழுந்து கிடக்கறா. யாரும் தூக்கல. கேமராவைக் கொண்டு போயி நீலகண்டன் முகத்தைக் காட்டறான், மாமியார் முகத்தைக் காட்டறான், புருஷன்காரன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான், திரும்பக் கீழ காட்டறான், இன்னும் கிடக்கறா. தூக்குங்கடா. ஒருத்தராவது குனிஞ்சு தூக்குங்க.

நான் கையை நீட்டி நிறுத்திட்டேன்.

“ஏன் நிறுத்தறீங்க? நீங்க கேட்டதுதானே” அப்படின்னா.

புத்தி வரணும்னுதான் எழுதினேன், கால்ல விழணும்னா எழுதினேன்னு கேட்டேன். எனக்குக் குரல் ஏறிடுச்சு. அவ ஏத்தல. அவ எப்பவும் ஏத்த மாட்டா.

“நாப்பது பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டா வேற என்னத்தச் செய்வாங்க?” அப்படின்னுட்டு அவளே கையை நீட்டித் திரும்ப ஓட விட்டா. எழுந்திருக்கப் போனேன். உக்காருங்க, முழுசாப் பாத்துடலாம்னா. உக்காந்தேன். முழுசாப் பாத்தோம். நீலகண்டன் உபதேசம் பண்றாரு, அஞ்சு நிமிஷம். தங்கமான மனுஷன்னு நினைச்சிருந்தேன் அவரை. கடைசியில சாருமதி சமையல்கட்டுக்குள்ள போறா, கதவு மூடுது, எல்லார் பேரும் வரிசையா ஓடுது.

திலகவதி அழல. நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், நானும் அழல. எனக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆகியிருக்கு, ரொம்ப நேரம் போனைப் பாத்தா தண்ணி வரும். அவ எழுந்து போயி அடுப்பைப் பத்த வெச்சா.

நான் அங்கயே உக்காந்து யோசிச்சேன். எனக்குச் சாருமதியைப் பிடிக்காது. இன்னைக்கும் பிடிக்காது. திமிர் பிடிச்சவ. ஆனா திமிர் பிடிச்சவன்னா அவ கடைசி வரைக்கும் திமிர் பிடிச்சவளாவே இருந்திருக்கணும். அந்தக் கோயமுத்தூர்லயே இருந்திருக்கணும். வேணும்னா இவங்க போய்ப் பாத்துட்டு வந்திருக்கணும். பஸ்ஸா இல்ல, ரயிலா இல்ல? கதை எழுதினவனுக்கு அவளைப் பத்தி ஒண்ணும் தெரியல. அவ விழற ஆள் கிடையாது. எனக்குத் தெரியும்மா. எவன் வந்து கேட்டாலும் சொல்வேன், அவ விழுந்திருக்கக் கூடாது.

அவகிட்டயும் சொன்னேன். ஏன் சொல்லாம? தோசையைக் கொண்டுவந்து தட்டுல வெச்சா, அப்பவே சொன்னேன், அவ திரும்பி வந்திருக்க வேண்டியதில்லன்னு. கையில தோசைக் கரண்டியோட அப்படியே நின்னா. யாரைச் சொல்றீங்கன்னு கேட்டா.

சாருமதியைத்தான்னு சொன்னேன். வேற யாரைம்மா சொல்லப் போறேன்?